வேலை தேடாத வெல்டரைத் தேடுவது எப்படி?

புதுச்சேரி சேதராப்பட்டில் இரும்புப் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் வாசலில் ‘வெல்டர் தேவை’ என்று பலகை வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கேட், கிரில் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஐ.டி.ஐ. முடித்து இன்னும் கை பழகாத பையன்கள் இருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது, உயரழுத்த நீராவி போகும் குழாயைக் கசிவில்லாமல் பற்றவைக்கக்கூடிய ஒருவர். அப்படிப்பட்டவர்கள் அந்தச் சாலை வழியாகவே தினமும் காலை ஷிப்டுக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். பலகையை அவர்கள் படிக்கவே இல்லை. வேலையில் இருப்பவர் ‘ஆள் தேவை’ பலகையை எதற்காக நின்று படிக்க வேண்டும்?

மனிதவளத் துறையினர் இவர்களை ‘பேஸிவ் கேண்டிடேட்’ என்கிறார்கள். கையில் வேலை இருக்கிறது, வேறு இடம் தேடவில்லை, எங்கும் விண்ணப்பம் போடவில்லை, ஆனால் பொருத்தமான ஒன்று வீடு தேடி வந்தால் காது கொடுத்துக் கேட்கக்கூடும். இவ்வளவுதான் அதன் பொருள். தேடுபவர், தேடாதவர் என்று மனிதர்களை இரண்டு கூடைகளில் போட்டுவிட முடியாது. ஒரே ஆள் சித்திரையில் ‘இங்கேயேதான் ஓய்வு பெறுவேன்’ என்பார். ஐப்பசியில் மேற்பார்வையாளரோடு மனக்கசப்பு வந்த பிறகு, ‘வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று நண்பரிடம் மெதுவாகச் சொல்லிவைப்பார். நாம் பேசப்போகும் நாளில் அவர் எந்த மனநிலையில் இருப்பார் என்பது நமக்குத் தெரியாது. இந்த வகை ஆள்சேர்ப்பில் பொறுமை தேவைப்படுவது அதனால்தான்.

உலகத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இப்படி வேலை தேடாதவர்கள் என்று, வேலைத் தொடர்புகளுக்கான இணையதளம் நடத்தும் லிங்க்ட்இன் நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர்கள் நிறைந்த தளம் அது. அந்த எண்ணை அப்படியே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பொருத்த நான் தயங்குவேன். ஆனால் விளம்பரத்துக்கு வந்து சேரும் விண்ணப்பங்களை மட்டும் பார்த்து ‘ஊரில் ஆளே இல்லை’ என்று முடிவு கட்டுவது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள். வேறொருவரிடம் இருக்கிறார்கள்.

நம் பகுதியில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கம் பரவியிருக்கும் சிப்காட் வளாகத்தில் ரசாயன, மருந்து, சாய ஆலைகள் மிகுதி. வடக்கே புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள். மேற்கே நெய்வேலியில், 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனமும் அதன் அனல்மின் நிலையங்களும். கடலூரில் குடியிருக்கும் ஒரு நல்ல ஃபிட்டர் வீட்டை மாற்றாமலேயே இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் இதே ஆட்களைத்தான் அழைக்கின்றன.

சில வேலைகளில் சட்டமே ஆட்களின் எண்ணிக்கையைச் சுருக்கிவிடுகிறது. பாய்லரை, அதாவது நீராவிக் கொதிகலனை, யார் வேண்டுமானாலும் ஓட்ட முடியாது. தகுதிச் சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டர் பொறுப்பில்தான் அது இயங்க வேண்டும். பாய்லரின் அழுத்தப் பாகங்களைப் பற்றவைப்பவர் இந்திய பாய்லர் ஒழுங்குவிதிகளின்படி தேர்வில் தேறியிருக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும். வெல்டர்கள் ‘6ஜி’ என்று சொல்வது, 45 பாகை சாய்வாக அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்துக் காட்டும் தேர்வை. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லா நிலையிலும் கை நடுங்காமல் இருந்தால்தான் அதில் தேற முடியும். அப்படிப்பட்ட கைக்கு வேலை இல்லாத நாள் மிகக் குறைவு. பலகையைப் பார்த்து அவர் வருவார் என்று காத்திருந்தால் ஆண்டு முழுவதும் காத்திருக்க நேரும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேக்கிங் உதவியாளர், லோடு ஏற்றுபவர், காவலாளி போன்ற வேலைகளுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பலகையும் நாளிதழ் வரி விளம்பரமும் போதும். ஒருவரைத் தேடிப் போய்ப் பேசி, மாதக்கணக்கில் காத்திருப்பது உழைப்பு மிகுந்த வேலை. அவர் இல்லாவிட்டால் உற்பத்தியே நின்றுவிடும் என்கிற இரண்டு மூன்று பொறுப்புகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆள் எடுப்பவர்கள் எல்லாருமே முதலில் கேட்கும் கேள்வி, ‘அவரை எப்படி வரவழைப்பது?’ என்பது. என் அனுபவத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. அவர் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்? இதற்குப் பதில் தெரியாமல் ஆயிரம் இரண்டாயிரம் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பயன் இல்லை.

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் தானாக விலகும்போது அதைப் பெற ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை செய்திருக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் வாங்குபவருக்கு ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 43,270 ரூபாய் வரும். இப்போது நாலே கால் ஆண்டு முடித்திருக்கும் ஒருவரிடம் போய் ‘உடனே வாருங்கள்’ என்று நீங்கள் சொன்னால், அந்த 43,270 ரூபாயை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள் என்று பொருள். அவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘பார்க்கலாம் சார்’ என்பார். ஒன்பது மாதம் கழித்துக் கேட்டால் அதே மனிதரிடம் பதில் வேறாக இருக்கும்.

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீடு இன்னும் நுட்பமானது. 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊதிய உச்சவரம்பை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் 20,500 ரூபாய் வாங்குகிறார். அவரிடமிருந்து முக்கால் விழுக்காடு, அதாவது மாதம் 154 ரூபாய்தான் பிடிக்கிறார்கள். அதற்கு மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்று எல்லாருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. அவருடைய அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெருந்தன்மையோடு 23,000 தருகிறேன் என்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது 2,500 ரூபாய் உயர்வு. அவர் கணக்கில் அது, ஊதியம் உச்சவரம்பைத் தாண்டுவதால் அம்மாவின் சிகிச்சை கைவிட்டுப் போவது. பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தால்தான் அந்த 23,000-க்கு அர்த்தம் உண்டு. காப்பீட்டு நிறுவனம் பழைய நோயை ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் நீங்களே முதலில் விசாரித்து வைக்க வேண்டும்.

சிறு பட்டறைக்காரர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யும் பணிக்கொடையும் பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம், வருங்கால வைப்புநிதிக்கு இருபது பேர். எட்டுப் பேரோடு நடக்கும் உங்கள் பட்டறைக்கு வருபவர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வருகிறார். அவரைக் குறை சொல்வதற்கு முன் அந்த இழப்புக்கு நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

சட்டத்தில் இல்லாத காரணங்களும் உண்டு. பொது ஷிப்ட் கிடைத்திருக்கும். கம்பெனி பஸ் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு வாசலருகே நிற்கும். மகள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரை யாரும் நகர மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆடி மாதத்தில் புது இடத்தில் சேர வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும். ஆவணி முதல் வாரத்தைச் சேரும் நாளாகச் சொல்லிவிட்டால் அந்தத் தடை தானாக விலகிவிடும்.

முன்பணம் வாங்கியிருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய முதலாளியிடம் ஐம்பதாயிரம் கடன் இருக்கும், அது தீராமல் நகர முடியாது. ‘அதை நான் கட்டிவிடுகிறேன், நீ வந்துவிடு’ என்று சில முதலாளிகள் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடனைக் கைமாற்றி ஆளைக் கைமாற்றுவது ஆள்சேர்ப்பு ஆகாது. அவர் கடனைத் தீர்த்துவிட்டு வரும்வரை காத்திருங்கள், அல்லது எந்தக் கட்டும் இல்லாமல், விலகினாலும் தவணையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்து உதவுங்கள்.

சரி, இவர்களை எங்கே கண்டுபிடிப்பது? கணினி சார்ந்த பதவிகளுக்கு லிங்க்ட்இன் பயன்படும். பாய்லர் அட்டெண்டரும், ஆலையின் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனும் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். வெல்டிங் ராடு விற்கும் கடைக்காரருக்கு எந்த ஆலையில் யார் கை சுத்தம் என்று தெரியும். ஐ.டி.ஐ. ஆசிரியருக்குப் பத்து ஆண்டுக்கு முன் படித்த மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்பது நினைவிருக்கும். பம்பு, கம்ப்ரசர் பழுது பார்க்க ஆலை ஆலையாகப் போகும் சர்வீஸ் மெக்கானிக் எல்லாப் பராமரிப்புப் பிரிவுகளையும் உள்ளே இருந்து பார்த்தவர். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஆண்டு ஷட்டவுன் வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரரும் அப்படித்தான்.

நெருங்கிய நண்பர்களைக் காட்டிலும் இப்படி அரைகுறையாகப் பழகியவர்களே இந்த விஷயத்தில் உதவுகிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள நியூட்டனில், அறிமுகம் மூலமாக வேலை மாறியவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். 1973-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ‘அடிக்கடி’ என்றவர்கள் 17 விழுக்காட்டுக்கும் குறைவு. ‘எப்போதாவது’ என்றவர்கள் ஏறத்தாழ 56, ‘அரிதாக’ என்றவர்கள் 28. காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். அவர் கேட்டது அமெரிக்க அலுவலர்களிடமும் தொழில்நுட்பப் பணியாளர்களிடமும்தான். ஆனாலும் நம் ஊரில் ராடு கடைக்காரர் மூலம் ஆள் கிடைப்பதை நான் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

உங்கள் தொழிலாளர்களிடமே கேட்டு, ஆள் சேர்ந்து ஆறு மாதம் நிலைத்தால் பரிந்துரைத்தவருக்கு ஒரு தொகை தருவது நல்ல வழக்கம். அதை மட்டுமே நம்பாதீர்கள். தெரிந்தவரை அழைத்துவரச் சொன்னால் அதே ஊர், அதே தெரு, அதே சாதி, அதே ஆண்கள்தான் வருவார்கள். ஐந்து ஆண்டில் பட்டறை முழுவதும் ஒரே வட்டமாகிவிடும். அதற்கு வெளியே இருக்கும் கெட்டிக்காரருக்கு உங்கள் வாசல் மூடியே இருக்கும். இது நியாயமும் இல்லை, தொழிலுக்கு நல்லதும் இல்லை.

வேலை தேடாதவர்கள் என்றால் வேறு ஆலையில் இருப்பவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்களும் அதில் உண்டு. பாகூரிலும் நெல்லிக்குப்பத்திலும் வேதியியல் முதுகலை முடித்து, ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து, குழந்தைக்காக நிறுத்திய பெண்களை நான் அறிவேன். ‘இனி யார் எடுக்கப் போகிறார்கள்’ என்று தேடுவதையே விட்டுவிட்டவர்கள். பகல் ஷிப்டும் போய்வர வண்டியும் உறுதி என்றால் அவர்களில் பலர் மறுபடி யோசிப்பார்கள். நெய்வேலியில் 60 வயதில் ஓய்வு பெற்று கடலூரிலும் புதுச்சேரியிலும் குடியேறிய தொழில்நுட்பர்கள் இன்னொரு கூட்டம். முழுநேர வேலை அவர்களுக்கு வேண்டாம். வாரம் இரண்டு நாள் வந்து இளைஞர்களுக்குப் பாய்லர் பராமரிப்பு சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால், அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் நீங்களாகவே இருக்கக்கூடும்.

முதல் பேச்சைப் பற்றி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் எடுக்கும் பொறுப்புக்கு நான் புதிதாக வந்த காலம். ஓர் ஆலையில் நல்ல இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் இருக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய கைப்பேசி எண் கிடைக்கவில்லை. அந்த ஆலையின் கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசிக்கே அழைத்து, அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். எடுத்தவர் அவருடைய மேற்பார்வையாளர். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் யோசிக்காமல் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த மனிதருக்குத் தொடர்ந்து இரவு ஷிப்ட். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. என்னைத் தொடர்புகொள்ளவும் இல்லை. பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொன்னார், பேச்சைத் தொடரவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் மாறாமல் கடைப்பிடிப்பது இதுதான். வேலையிடத்து எண்ணுக்கு அழைப்பதில்லை. ஆலை வாசல் டீக்கடையில் நின்று பேசுவதில்லை. முதலில் ஒரு குறுஞ்செய்தி: ‘வணக்கம். நான் இன்ன நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். உங்கள் எண்ணை இன்னார், உங்களைக் கேட்ட பிறகு கொடுத்தார். உங்கள் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார். பத்து நிமிடம் பேச விருப்பம். ஷிப்ட் இல்லாத நேரம் எது என்று சொன்னால் அப்போது அழைக்கிறேன். விருப்பம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.’ பெயரும் நிறுவனமும் எண் கொடுத்தவரும் முதல் வரிகளிலேயே வந்துவிட வேண்டும். வேலை தருகிறேன் என்று சொல்லிப் பணம் பறிக்கும் அழைப்புகள் இன்று அவ்வளவு வருகின்றன. ஆதார் நகலோ சான்றிதழ் நகலோ முதல் பேச்சில் கேட்டால் அவர் தொடர்பைத் துண்டிப்பதுதான் சரி.

பேசும்போது உங்கள் நிறுவனத்தின் பெருமையை அடுக்காதீர்கள். இப்போதைய வேலையில் எது பிடித்திருக்கிறது, எது மாறினால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பழைய முதலாளியை ஒரு சொல்லும் குறைத்துப் பேச வேண்டாம். அந்த ஆலையின் உற்பத்தி முறை, வாடிக்கையாளர் விவரம் எதையும் கிண்டிக் கேட்க வேண்டாம். நாளை அவர் உங்களை விட்டுப் போகும்போதும் உங்கள் ரகசியம் காக்கப்பட வேண்டும் அல்லவா?

நான் மேலே சொன்ன மாதிரியான வெல்டர் ஒருவரை எங்கள் ஆலைக்கு அழைத்துவர பதினான்கு மாதம் ஆனது. முதல் முறை பேசியபோது ஐந்து ஆண்டு முடிய ஏழு மாதம் இருந்தது. அது முடிந்தபோது தீபாவளி வந்தது. பிறகு அவர் அப்பாவுக்கு உடல்நலம் குன்றியது. அந்த நேரத்தில் நான் வேலையைப் பற்றி எதுவுமே பேசவில்லை, நலம் மட்டும் விசாரித்தேன். கடைசியில் அவரைக் கொண்டுவந்தது சம்பளம் என்று சொல்ல முடியாது. அவருக்கு நான்கு ஆண்டாகக் கண்ணில் உறுத்தல். நல்ல முகக்கவசமும் புகை உறிஞ்சும் கருவியும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். எங்கள் பட்டறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க அழைத்தேன். மனைவியையும் கூட்டிவந்தார். புகை உறிஞ்சியைப் போட்டுக் காட்டச் சொல்லி அதன் அருகே வெகுநேரம் நின்றிருந்தார்.

ஒப்புக்கொண்ட பிறகும் சில இடறல்கள் உண்டு. விலகல் கடிதம் கொடுத்ததும் பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லும். அது வரும் என்று முன்பே அவரிடம் பேசி வையுங்கள். அவர் அங்கேயே இருக்க முடிவு செய்தால் வாழ்த்திவிட்டு விலகுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். அவசரத்தில் இரண்டு இடத்திலும் பணி நாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவானால் பின்னாளில் வைப்புநிதியை எடுப்பதில் சிக்கல் வந்தால் அது அவருக்குத்தான். ‘போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே’ என்று சிலர் பயப்படுவார்கள். விலகிய பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ரகசியம் காக்கும் கடமை மட்டும் தொடரும். பயிற்சிச் செலவுக்கான பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

வர மாட்டேன் என்றவர்களுக்காக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, என்ன பேசினோம், அடுத்து எப்போது பேசலாம் என்று அவரே சொன்ன காலம், இவ்வளவுதான் அதில் இருக்கும். பேச வேண்டாம் என்று சொன்னவரின் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். இந்த மாதப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. குறிஞ்சிப்பாடி ஃபிட்டர், தை பிறந்த பிறகு. ஆய்வுக்கூடப் பெண், குழந்தை பள்ளியில் சேர்ந்த பின், ஜூன் கடைசியில். பாய்லர் அட்டெண்டர், வீட்டுக் கடன் இன்னும் நான்கு தவணை, அதுவரை அழைக்க வேண்டாம்.